எலிகளை எண்ணுவதற்கு யார் நிதி தருவார்கள்?

காட்டு எலிகளிடமிருந்து மனிதருக்குத் தாவும் வைரஸ்களைக் கண்காணிப்பது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், இதுவரை அறியப்படாத வைரஸ்களைத் தேடிப் பிடிப்பதுதான் அந்த வேலை என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு காட்டுக்கு ஒருமுறை போய், கிடைத்த எலிகளின் உடலில் இருந்த மரபணு வரிசைகளைப் பட்டியலிட்டுத் திரும்புகிறவர்களைவிட, அதே காட்டுக்கு அதே பருவத்தில் ஆண்டுதோறும் அலுப்பில்லாமல் போய்வருகிறவர்களால்தான் அதிக நன்மை விளைந்திருக்கிறது. ஆனால் செய்திகளில் இடம்பிடிப்பது முதல் வகையினர்தாம். நிதியும் பெரும்பாலும் அவர்கள் பக்கமே சாய்கிறது.

1993 மே மாதத்தில், அமெரிக்காவின் தென்மேற்கில் நான்கு மாநிலங்கள் சந்திக்கும் பகுதியில், நல்ல உடல்நலத்தோடு இருந்த இளைஞர்கள் திடீரென மூச்சுத்திணறி இறந்தார்கள். காரணம் ஒரு ஹான்டா வைரஸ் என்பதும், அதைச் சுமந்து திரிவது மான் எலி என்பதும் சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டன. பிடிபட்ட மான் எலிகளில் ஏறத்தாழ 30 சதவீதத்தின் இரத்தத்தில், தொற்று ஏற்பட்டதற்கு அடையாளமான எதிர்ப்பொருள் இருந்தது. பிற்பாடு சின் நோம்ப்ரே என்று பெயர் பெற்ற அந்த வைரஸ், தொற்றுக்கு உள்ளாவோரில் மூவரில் ஒருவருக்கு மேல் கொல்லக்கூடியது. கண்டுபிடித்த வேகத்தைப் பலரும் பாராட்டினார்கள், அது நியாயமானதுதான். எனினும், அதே நேரத்தில் அந்த நான்கு மாநிலங்களில் ஒன்றான நியூ மெக்சிகோவில் வேறு இரண்டு பொருள்கள் கைவசம் இருந்தன என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஒன்று, பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் முந்தைய ஆண்டுகளிலிருந்தே உறைநிலையில் காக்கப்பட்டுவந்த எலித் திசுக்கள். அவற்றைச் சோதித்தபோது, வைரஸ் அந்த எலிகளிடம் முன்பே இருந்தது உறுதியானது. இராணுவ ஆய்வகத்திலிருந்து ஏதோ தப்பிவிட்டது என்ற வதந்திக்கு அதைவிடத் தெளிவான பதில் இருக்க முடியாது. இன்னொன்று, செவில்லெட்டா ஆய்வுத் தளத்தில் 1980களின் இறுதியிலிருந்து, எந்த வைரஸையும் மனத்தில் கொள்ளாமல், வெறும் சூழலியல் ஆர்வத்தால் எடுக்கப்பட்டுவந்த எலிக் கணக்கு. பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாவதால் வரும் எல் நினோ மழையால் விதைகளும் தாவரங்களும் பெருகியதையும், அதைத் தொடர்ந்து எலிகள் பன்மடங்கானதையும் அந்தக் கணக்குதான் காட்டியது. விளைச்சல் மிகுந்த ஆண்டில் எலியும் நோயும் சேர்ந்து வரும் என்று அப்பகுதிப் பழங்குடியினரான நவஹோ மக்களின் மூத்தோர் முன்பே சொல்லிவந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

இப்படிப்பட்ட முன்கணக்கு இல்லாத இடத்தில் எவ்வளவு காலம் வீணாகும் என்பதற்குக் கொரியா சான்று. அங்கு 1950-53 போரின்போது 3,000க்கும் மேற்பட்ட ஐ.நா. படைவீரர்களைத் தாக்கிய இரத்தக்கசிவுக் காய்ச்சலின் காரணியான இன்னொரு ஹான்டா வைரஸை, வரிக்கோடுள்ள வயலெலியின் நுரையீரலில் ஹோ வாங் லீ கண்டறிந்தது 1976இல்தான்.

களத்தில் நடக்கும் வேலை பார்ப்பதற்கு மிகச் சாதாரணமானது. மாலையில் ஓட்ஸையும் வேர்க்கடலை வெண்ணெயையும் இரையாக வைத்த அலுமினியப் பொறிகளை வரிசையாக வைக்கிறார்கள். விடிந்ததும் கையுறையும் சுவாசக்கவசமும் அணிந்து ஒவ்வொன்றாகத் திறக்கிறார்கள். எலியை எடைபோட்டு, பாலினத்தைக் குறித்து, காதில் எண்ணிட்ட சிறு வில்லையை மாட்டி, சில துளி இரத்தம் எடுத்து, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். காதிலும் வாலிலும் கடிகாயம் இருக்கிறதா என்று பார்ப்பதும் உண்டு. காயத்தழும்புள்ள முதிர்ந்த ஆண் எலிகளிடமே ஹான்டா வைரஸ் அதிகம் தென்படுகிறது. சண்டையில் கடிபடுவதன் மூலம் அது பரவுகிறது என்பது அப்படித்தான் புரிந்தது. தொற்றிய எலி நோயுற்றதாகத் தெரிவதில்லை. ஆனால் அதன் சிறுநீரும் எச்சமும் காய்ந்து தூசியாகி நம் மூச்சில் கலந்தால் ஆபத்து.

எலிகள் பெருகும்போது அவற்றில் பெரும்பாலானவை தொற்றாத குட்டிகளாக இருப்பதால், தொற்றின் விகிதம் முதலில் குறையவும் கூடும். எண்ணிக்கை உச்சத்தைத் தொட்ட பிறகே அது ஏறும். ஒரே ஒரு முறை போய்வந்தவர் இந்தத் தாமதத்தை எப்படி அறிவார்?

பின்லாந்தில் இதைச் சரியாகச் செய்கிறார்கள். பூமாலா என்ற ஹான்டா வைரஸைச் சுமக்கும் பேங்க் வோல் என்ற கொறித்துண்ணி அங்கே மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகி வீழ்கிறது. அதனால் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பொறி வைத்து எண்ணி, வரும் குளிர்காலம் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்கிறார்கள். 2008இல் அங்கு 3,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். பூமாலாவால் இறப்பவர்கள் மிகக் குறைவு என்றாலும், விறகுக் கொட்டகையைப் பெருக்குவதற்கு முன் தரையை ஈரப்படுத்த வேண்டும் என்ற எச்சரிக்கை எந்த ஆண்டில் உரக்க ஒலிக்க வேண்டும் என்பது தெரிந்திருப்பது சிறிய விஷயமல்ல.

எலிகளையே ஒழித்துவிடலாமே என்பவர்கள் பொலிவியாவின் சான் ஹோவாக்கினைச் சுட்டிக்காட்டுவார்கள். 1964இல் அங்கு வீடுகளில் பொறி வைத்து எலிகளை அகற்றியதும் மச்சுப்போ வைரஸ் நோய் அடங்கியது உண்மை. ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவில் லாஸா வைரஸைச் சுமக்கும் எலி வீட்டிலும் வயலிலும் வாழ்வதால், வீட்டில் கொன்றாலும் சில மாதங்களில் வயலிலிருந்து மீண்டும் குடியேறிவிடுகிறது. எந்த இனம், எங்கே, எப்போது என்ற கணக்கு இல்லாமல் இவ்விரண்டு சூழல்களையும் பிரித்தறிய முடியாது.

பெரும்பாலான ஆய்வு நிதி மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது. வோலின் ஒரு சுழற்சி முடிவதற்கே அதைவிட அதிகம் ஆகலாம். ஆகவே ஒரு தளத்துக்குக் குறைந்தது பத்தாண்டுக்கு நிதி ஒதுக்க வேண்டும் என்பதும், பிடித்த எலிகளின் மாதிரிகளில் ஒரு பங்கை உறைநிலையில் பொதுச் சேகரிப்பில் ஒப்படைப்பதை நிபந்தனையாக்க வேண்டும் என்பதும் என் கருத்து. ஃபார்மலின் சாடியில் இட்டு வைப்பது போதாது. அதில் எலியின் உருவம் நிலைக்கும், ஆனால் வைரஸின் மரபணுப் பொருளான ஆர்.என்.ஏ.வைப் பின்னர் மீட்பது பெரும்பாடு.