வேட்பாளர் பெயர் வந்த பிறகு கோபப்பட்டால் யார் கேட்பார்கள்?

பொதுத்தேர்தல் நெருங்கினால், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள நம் சுங்கை சிப்புட்டில் ஒட்டுக்கடை, கோயில் மண்டபம், வாட்ஸ்அப் குழு, எங்கே போனாலும் ஒரே பேச்சுதான்: "இந்த ஆளையா போட்டாங்க? வேற ஆளே கெடைக்கலையா?" கோபம் நியாயமானது. அது கிளம்புகிற நேரம்தான் தவறு. நியமனக் கடிதம் வேட்பாளர் கைக்குப் போய்விட்டால் அதற்கப்புறம் வாக்காளர் செய்ய அதிகம் இல்லை. பிடிக்காத ஆளானாலும் நம் சின்னம் என்று குத்தலாம், எதிர்ச் சின்னத்துக்குக் குத்தலாம், இல்லை வீட்டிலேயே இருந்துவிடலாம். நம் வாக்குச்சீட்டில் 'இவர்களில் யாரும் வேண்டாம்' என்ற கட்டம் கிடையாது. 2018-இல் செல்லாத ஓட்டுப் போடுவோம் என்று 'உண்டி ரோசாக்' பிரசாரம் நடந்தது. செல்லாத ஓட்டுகளை எண்ணிக் குறித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். முடிவை அது அசைக்காது.

கட்சியின் தேர்வு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம் தொகுதியைவிட நல்ல சாட்சி வேண்டாம். துன் சம்பந்தனுக்குப் பிறகு 1974 முதல் 2008 வரை 34 ஆண்டுகள் மலேசிய இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) சாமிவேலு இங்கே நாடாளுமன்ற உறுப்பினர். 2008-இல் அவரைத் தோற்கடித்தவர் மலேசிய சோசலிசக் கட்சியின் டாக்டர் மைக்கேல் ஜெயக்குமார். ஆனால் அவர் நின்றது பிகேஆர் (மக்கள் நீதிக் கட்சி) சின்னத்தில். 2013-இலும் அதே சின்னம், அதே வெற்றி. 2018-இல் சோசலிசக் கட்சிக்கும் பிகேஆர் இருக்கும் பக்காத்தான் கூட்டணிக்கும் உடன்பாடு வரவில்லை, பிகேஆர் கேசவனை நிறுத்தியது. சொந்தக் கட்சியின் சின்னத்தில் நின்ற ஜெயக்குமார் வைப்புத்தொகையையே இழந்தார். அதாவது பதிவான ஓட்டில் எட்டில் ஒரு பங்குகூட வரவில்லை. இரண்டு தவணை தொகுதியில் இறங்கி வேலை செய்தவர் அவர். ஆள் மாறவில்லை, சேவையும் மாறவில்லை. சின்னம் மாறியது. யாருக்குச் சின்னம் என்று ஒரு மேசையில் முடிவானபோதே இந்தத் தொகுதியின் பெரும்பகுதி முடிவும் ஆகிவிட்டது.

ம.இ.கா. பக்கமும் இதே கதைதான். 2008-இல் கட்சிக்கு மிஞ்சிய மூன்று நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒன்று கேமரன் மலை. அதை வென்றவர் தேவமணி. 2013-இல் அந்தத் தொகுதி கட்சித் தலைவர் பழனிவேலுக்குப் போனது, தேவமணி சுங்கை சிப்புட்டுக்கு வந்தார். பழனிவேல் அங்கே 462 ஓட்டில் தப்பித்தார், தேவமணி இங்கே தோற்றார். 2018-இலும் தேவமணியே நின்றார், தோற்றார். 2022-இல் கட்சித் தலைவர் விக்னேஸ்வரனே நேரில் வந்து நின்றார், கேசவனிடம் தோற்றார். இந்த மூன்று தேர்தலிலும் லிந்தாங் பக்கமோ ஜாலோங் பக்கமோ உள்ள சாதாரண உறுப்பினரை அழைத்து யாரை நிறுத்தலாம் என்று ஓட்டெடுப்பு நடத்தவில்லை.

பட்டியல் தயாராகிற முறையைத் தெரிந்துகொண்டால் எங்கே கை வைக்க வேண்டும் என்பது புரியும். முதலில் கூட்டணிக்குள் எந்தத் தொகுதி எந்தக் கட்சிக்கு என்ற பேரம். அது முடிந்தால் தொகுதித் தலைவர்கள் பெயர் அனுப்புவார்கள், பெரும்பாலும் முதல் பெயர் அவர்களுடையதாகவே இருக்கும். மாநில அளவில் வடிகட்டி, கடைசியில் தேசியத் தலைமை கையெழுத்து வைக்கும். கூட்டணியில் பெரிய கட்சி சம்மதிக்காவிட்டால் அதுவும் நிற்காது. 2010 உலு சிலாங்கூர் இடைத்தேர்தலில் ம.இ.கா. பழனிவேலை விரும்பியது, கூட்டணியின் பெரிய கட்சியான அம்னோவுக்கு அதில் விருப்பமில்லை, கடைசியில் கமலநாதன் நின்றார். 2019 ஜனவரி கேமரன் மலை இடைத்தேர்தலில் ம.இ.கா. தொகுதியையே விட்டுக்கொடுத்தது. ம.இ.கா.வும் அம்னோவும் இருக்கும் கூட்டணியான தேசிய முன்னணியின் நேரடி வேட்பாளராக நின்ற ரம்லி முகமட் நோர் வென்று, நாடாளுமன்றக் கீழவைக்குப் போன முதல் ஓராங் அஸ்லி (பூர்வகுடி) ஆனார். அது நல்ல தேர்வு என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அந்த நல்ல தேர்வையும் மேலே நாலு பேர்தான் செய்தார்கள்.

வேட்பாளர் ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்று சட்டத்தில் ஏதும் இல்லை. சட்டமன்றத்துக்கு நிற்பவர் அந்த மாநிலத்தில் குடியிருக்க வேண்டும். நாடாளுமன்றத்துக்கு நிற்பவர் நாட்டுக்குள் எங்கே குடியிருந்தாலும் போதும். பத்தாயிரம் வெள்ளி வைப்புத்தொகை கட்டி, வேட்புமனுவைச் சரியாக நிரப்பிக் கொடுத்தால் ஜொகூர்க்காரரும் பேராக்கில் நிற்கலாம். வெளியூர்க்காரர் என்ற ஒரே காரணத்துக்காக நான் யாரையும் ஒதுக்க மாட்டேன். தோட்டம் கைமாறும்போது வீட்டை இழக்கிற குடும்பத்துக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்தவர் வேண்டும். நிலம் மாநில அரசின் கையில், தமிழ்ப்பள்ளி மத்திய கல்வி அமைச்சின் கையில். இந்த வித்தியாசம்கூடத் தெரியாமல் மேடை ஏறுகிறவர்களைத்தான் எதிர்க்க வேண்டும்.

2024-இல் அமெரிக்கத் தேர்தல் நடந்தபோது "அங்கேயாவது வேட்பாளரை ஜனங்களே தேர்ந்தெடுக்கிறார்கள்" என்று பலர் பகிர்ந்தார்கள். துளசேந்திரபுரத்துப் பூர்வீகம் என்பதால் கமலா ஹாரிஸ் மீது நம்மவர்களுக்குத் தனி ஈடுபாடு. உள்ளே போய்ப் பார்த்தால் விஷயம் அவ்வளவு எளிதில்லை. 1968-இல் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியிலும் (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலந்தோறும் நடக்கும் ஓட்டெடுப்பு) போட்டியிடாமலே ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் ஆனார். சிக்காகோ மாநாட்டு மண்டபத்துக்கு வெளியே கலவரம். அந்த அதிருப்தியில்தான் விதியை மாற்றினார்கள், 1972 முதல் பிரைமரி ஓட்டு பலம் பெற்றது. அப்புறமும் அதிருப்தி தீரவில்லை. 2016-இல் குடியரசுக் கட்சியில் தொடக்கத்தில் 17 பேர் போட்டி. தென் கரோலினாவில் டிரம்ப் வாங்கியது 32.5 விழுக்காடு, ஆனால் அந்த மாநிலத்தின் 50 பேராளர்களும் (கட்சி மாநாட்டில் வேட்பாளருக்கு ஓட்டுப் போடுகிறவர்கள்) அவருக்கே போனார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேர் வேறு ஆளுக்குப் போட்டும் பயன் இல்லை, ஏனென்றால் அந்த ஓட்டுகள் சிதறின.

2024-இல் ஜனநாயகக் கட்சியில் பைடனை எதிர்த்துப் பலமான போட்டியாளர் யாரும் வரவில்லை. ஃபுளோரிடாவில் அவர் பெயரை மட்டுமே கட்சி கொடுத்ததால் பிரைமரியே நடக்கவில்லை. ஜூன் 27 விவாதத்தில் அவர் தடுமாறினார், ஜூலை 21-இல் விலகினார். மறுபடி பிரைமரி நடத்த நேரம் எங்கே? ஆகஸ்டு தொடக்கத்தில் பேராளர்கள் இணையவழி ஓட்டில் ஹாரிஸை வேட்பாளர் ஆக்கினார்கள். 2020 போட்டியிலும் முதல் மாநிலம் ஓட்டுப் போடும் முன்பே விலகியவர் அவர். ஆக, அதிபர் வேட்பாளராக ஒரு பிரைமரி ஓட்டையும் சந்திக்காமலே களத்துக்கு வந்தார். முறை இருந்தும், அதை நடத்துகிற காலத்தில் தலைமை போட்டியை அடைத்துவிட்டால் நடப்பது இதுதான்.

ஆனாலும் அங்கே இருக்கிற ஒன்று நம்மிடம் இல்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் மிச்சிகன் பிரைமரியில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் 'யாருக்கும் கட்டுப்படாதவர்' என்ற கட்டத்தில் ஓட்டுப் போட்டார்கள். காஸா விவகாரத்தில் பைடன் மீதிருந்த கோபம், தேர்தலுக்கு எட்டு மாதம் முன்பே எண்ணிக்கையாகக் கட்சியின் முன்னால் வந்துவிட்டது. கட்சி அதைக் கேட்டதா என்பது வேறு. கேட்கவே இல்லை என்று பிறகு சொல்ல முடியாது.

நம் ஊரில் இதை நடத்த முடியும். பிகேஆர் 2010-இல் தொடங்கிக் கட்சிப் பதவிகளுக்கு உறுப்பினர்களின் நேரடி ஓட்டை நடத்தியது. வேட்பாளர் தேர்வு மட்டும் இன்னும் தலைமையின் கையில். அந்த அனுபவத்தில் கோளாறுகளும் தெரிந்தன. 2018 கட்சித் தேர்தலில் டேப்லெட்டில் ஓட்டெடுத்தபோது கருவி வேலை செய்யாமல் பல இடங்களில் தகராறு ஆனது. ஆகவே காகிதச் சீட்டே போதும், எல்லார் முன்னிலையிலும் எண்ணட்டும். உறுப்பினர் பட்டியலை ஓராண்டுக்கு முன்பே மூடிவிட வேண்டும். இல்லையென்றால் ஒருவரே ஐந்நூறு பேருக்குச் சந்தா கட்டி, ஓட்டு நாளில் பஸ் ஏற்றிக் கொண்டுவருவார். அடையாளக் கார்டில் தொகுதிக்குள் முகவரி உள்ளவருக்கு மட்டும் ஓட்டு. பாதிக்கு மேல் யாருக்கும் வராவிட்டால் முதல் இருவருக்கு இரண்டாம் சுற்று, தென் கரோலினா மாதிரி ஆகாமலிருக்க. வாக்குச்சாவடி டவுனில் மட்டும் இருக்கக் கூடாது, தோட்டத்து மண்டபத்திலும் இருக்க வேண்டும்.

கடினமான கேள்வி ஒன்று உண்டு. சுங்கை சிப்புட்டில் மலாய்க்காரர், சீனர், இந்தியர், ஓராங் அஸ்லி எல்லாரும் வாக்காளர்கள். ஓர் இனத்தின் கட்சி உறுப்பினர்கள் மட்டும் ஓட்டெடுத்து ஆளை அனுப்பினால் மற்றவர்களுக்கு மறுபடியும் திணிக்கப்பட்ட வேட்பாளர்தான். கூட்டணியில் உள்ள எல்லாக் கட்சிகளின் தொகுதி உறுப்பினர்களும் ஒரே பெட்டியில் போட்டால்தான் இது நியாயமாகும். இதற்குத் தலைமைகள் லேசில் ஒத்துக்கொள்ளாது. தொகுதிப் பங்கீடு அவர்களுடைய பேரப் பொருள், அதை யார் விட்டுக்கொடுப்பார்கள்?

இப்போதைய நாடாளுமன்றம் 2022 டிசம்பர் 19-இல் கூடியது. இடையில் கலைக்காவிட்டாலும் 2028 பிப்ரவரிக்குள் தேர்தல் நடந்தாக வேண்டும். 18 வயது ஆனவர்கள் இப்போது தானாகவே பட்டியலில் ஏறுகிறார்கள். தோட்டத்திலிருந்து தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) மாறிய குடும்பங்களில் பிள்ளைகளின் கார்டில் இன்னும் பழைய தோட்ட முகவரிதான் இருக்கிறது. முதலில் பதிவிலாகாவில் முகவரியை மாற்றுங்கள், பிறகு தேர்தல் ஆணையத்தின் இணையத்தளத்தில் வாக்களிக்கும் தொகுதியை மாற்ற மனுச் செய்யுங்கள். எந்தக் கட்சி உறுப்பினராக இருந்தாலும் அடுத்த கிளை ஆண்டுக்கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள்: நம் தொகுதியிலிருந்து யார் யார் பெயரை அனுப்பப் போகிறீர்கள், எந்தத் தேதிக்குள், எங்களிடம் ஓட்டெடுப்பீர்களா? பதில் கூட்டக் குறிப்பில் ஏறும்வரை உட்காராதீர்கள். குறிப்பில் இல்லாத வாக்குறுதியைத் தொகுதித் தலைவர் அடுத்த மாதமே மறுத்துவிடலாம்.