காவ் சோயோடு எழுந்து வந்துவிடாதீர்கள்

சியாங் மாய் போய் வந்தவர்கள் போடும் படங்களில் பெரும்பாலும் ஒரே கிண்ணம்தான் இருக்கிறது. தேங்காய்ப்பால் சேர்ந்த மஞ்சள் குழம்பு, அதில் முட்டை நூடுல்ஸ், ஒரு கோழிக்கால், மேலே பொரித்த நூடுல்ஸ் ஒரு கொத்து. காவ் சோய். எனக்கும் பிடித்த சாப்பாடுதான். ஆனால் அதை மட்டும் சாப்பிட்டுவிட்டு, வடக்குத் தாய்லாந்துச் சாப்பாட்டைப் பார்த்தாச்சு என்று எழுதுவதைப் படிக்கும்போது மனசு பொறுக்கவில்லை. அந்த ஊர்க்காரர்கள் மதியம் உட்கார்ந்து சாப்பிடுவது வேறு. அது கிடைக்கும் இடமும் வேறு. பெயர்ப்பலகை தாய் எழுத்தில் மட்டும் இருக்கும் தெருவோரச் சின்னக் கடைகள். அவற்றைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வழக்கமாகப் போகும் கடை, பழைய நகரத்து அகழிக்கு வடக்கே சந்தித்தாம் பகுதியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. தானின் சந்தையிலிருந்து நடந்தே போய்விடலாம். வீட்டின் முன்பக்கம்தான் கடை. அலுமினியப் பானைகள் வரிசையாக இருக்கும், மூடியைத் திறந்து பார்த்து வேண்டியதைக் கைகாட்டலாம். ஓரத்தில் கரி அடுப்பின் மேல் சாய் உவா சுருள் சுருளாக வெந்துகொண்டிருக்கும். எலுமிச்சைப்புல், அரத்தை, மஞ்சள், காய்ந்த மிளகாய் எல்லாம் அரைத்துக் கொத்திய பன்றிக்கறியில் சேர்த்து அடைத்த தொத்திறைச்சி அது. ஒரு அக்காவும் அவருடைய அம்மாவும் கடையை நடத்துகிறார்கள். அம்மா காலையில் சந்தையில் என்ன கீரை வாங்குகிறாரோ, அதுதான் அன்றைய குழம்பு. மதியம் ஒன்றரை மணிக்கு மேல் போனால் பாதிப் பானை காலியாகியிருக்கும். இரவில் கடை கிடையாது.

உட்கார்ந்ததும் ஒரு சின்ன மூங்கில் கூடை வரும். உள்ளே காவ் நியாவ், ஒட்டும் அரிசிச் சோறு. செட்டிநாட்டுக் கவுனி அரிசி சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பிசுக்குத் தெரியும். இது வெள்ளை, இனிப்புச் சேராதது, வடக்கில் அன்றாடச் சோறே இதுதான். சியாங் மாய்க்குப் பக்கத்து சான் பா தோங் வட்டாரத்தின் பெயரிலேயே ஒரு ஒட்டரிசி ரகம் உண்டு. அரிசியை இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் ஆவியில் வேகவைக்கிறார்கள். வெந்த சோற்றை அகலமான மரத்தட்டில் கொட்டி, துடுப்பால் புரட்டி, ஆவி போன பிறகுதான் கூடையில் அடைப்பார்கள். இந்த வேலையில் அவசரப்பட்ட கடையில் சோறு கையெல்லாம் அப்பிக்கொள்ளும். பக்குவமாகச் செய்த சோறு விரலில் ஒட்டாது. கொஞ்சம் பிய்த்து, விரல்களாலேயே உருட்டி, தொட்டுச் சாப்பிட வேண்டும். கையால் சாப்பிட்டு வளர்ந்த நம் ஆட்கள் அங்கே போய் ஸ்பூன் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். குழம்புக்கு ஒரு கரண்டி போதும், மற்றதற்குக் கை இருக்கிறது.

அந்தச் சோற்றுக்குத் துணை ‘நம் பிரிக்’, தொட்டுக்கொள்ளும் மிளகாய்த் துவையல் (இந்த ‘நம்’ தாய்ச் சொல், நம்முடைய ‘நம்’ அல்ல). இதில் இரண்டை மட்டும் சொல்கிறேன். நம் பிரிக் நும் என்பது நீளமான பச்சை மிளகாயைச் சின்ன வெங்காயம், பூண்டோடு தணலில் சுட்டு, கருகிய தோலை உரித்து உரலில் இடித்தது. நம் பிரிக் ஓங் என்பது தக்காளியும் கொத்துக்கறியும் காய்ந்த மிளகாயும் சேர்த்து வதக்கியது. காரம் குறைவு, புதிதாகப் போகிறவர்கள் இதில் தொடங்கலாம். கூடவே வேகவைத்த பூசணி, கத்திரி, பயற்றங்காய், பச்சை வெள்ளரி, பொரித்த பன்றித் தோலான காப் மூ என்று ஒரு தட்டு வரும். நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து அதையே தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டு முடிப்பார்கள். வடக்குச் சாப்பாட்டின் நடு இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். குழம்பும் கறியும் இதைச் சுற்றி வருபவை. சுற்றுலா வருகிறவர்களோ இதைச் சட்னி என்று நினைத்து ஓரமாக ஒதுக்கிவிடுகிறார்கள்.

தாய் உணவு என்றாலே தேங்காய்ப்பால் என்று பலர் நினைக்கிறார்கள். வடக்கில் பெரும்பாலான குழம்புகளில் அது கிடையாது. கடலிலிருந்து வெகுதூரம், சுற்றிலும் மலை. இரயில் பாதையே 1920களின் தொடக்கத்தில்தான் சியாங் மாய் வந்து சேர்ந்தது. அதற்கு முன் பாங்காக்கிலிருந்து பிங் ஆற்றில் படகேறி வர வாரக்கணக்கில் ஆகும். தென்னையும் கடல்மீனும் அன்றாடம் கைக்கு எட்டாத ஊரில் வேறு சமையல்தான் வளரும். காட்டுக் கீரை, மூங்கில் குருத்து, வாழைப்பூ, பலாக்காய். இறால் விழுதுக்குப் பதிலாக துவா நாவ். சோயா பயற்றை வேகவைத்துப் புளிக்கவிட்டு, அரைத்து, அப்பளம் போல் தட்டி வெயிலில் காயவைக்கிறார்கள். அதைத் தணலில் வாட்டிப் பொடித்துக் குழம்பில் போடுவார்கள். வாசனை கடுமை. ஆனால் அது இல்லாத நம் ஙியாவ் வெறும் தக்காளி ரசமாகிவிடும்.

நம் ஙியாவ் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். பர்மாவின் கிழக்கே வாழும் ஷான் மக்களோடு சேர்த்துப் பேசப்படும் குழம்பு இது. பன்றி எலும்பு, புளிப்பான சின்னத் தக்காளி, துவா நாவ், உறைந்த இரத்தத் துண்டுகள், இவற்றோடு இலவம்பூவின் காய்ந்த மகரந்தத் தண்டுகள். செவ்விலவு மரத்துப் பூவைக் காயவைத்துக் குழம்பில் போட்டு வேகவைத்தால் மெல்லவும் சுவைக்கவும் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மெல்லிய அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றி, ஊறவைத்த கடுகுக் கீரையும் முளைப்பயறும் தூவிக் கொடுப்பார்கள். காவ் சோயா நம் ஙியாவா என்று கேட்டால், யோசிக்காமல் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

கேங் ஹங் லே நம் நாக்குக்கு உடனே பழகிவிடும். சியாங் மாயைத் தலைநகராகக் கொண்ட பழைய லான்னா நாடு 1558லிருந்து இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் பர்மியர் கையில் இருந்தது. 1770களின் நடுவில்தான் சியாங் மாய் சயாமின், அதாவது அன்றைய தாய்லாந்தின், துணையோடு மீண்டது. இந்தக் குழம்பு பர்மியச் சமையலிலிருந்து வந்தது. பன்றியின் வயிற்றுக்கறியை இஞ்சி, புளி, ஊறவைத்த பூண்டு, வேர்க்கடலை, ஒரு மசாலாப் பொடி எல்லாம் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைக்கிறார்கள். கோவில் விசேஷங்களுக்கும் வீட்டு நல்ல காரியங்களுக்கும் இது கண்டிப்பாக உண்டு. மிஞ்சியதை மறுநாள் மூங்கில் குருத்தும் கண்ணாடி நூடுல்ஸும் சேர்த்து வறட்டினால் கேங் ஹோ. எங்கள் சந்துக் கடையில் கேங் ஹோ எல்லா நாளும் இருக்காது. முந்தின நாள் குழம்பு மிஞ்ச வேண்டுமே.

லாப் என்னும் கொத்துக்கறி என்றால் எலுமிச்சைச் சாறும் வறுத்த அரிசிப் பொடியும் தூவிய, வடகிழக்குத் தாய்லாந்தின் இசான் லாப்தான் வெளியூரில் தெரியும். வடக்கு லாப் அதுவல்ல. இங்கே புளிப்பே கிடையாது, முழுக்க வறுத்து அரைத்த மசாலா: காய்ந்த மிளகாய், திப்பிலி, கொத்தமல்லி விதை, அன்னாசிப்பூ, ஜாதிக்காய், முக்கியமாக மக்வேன். மக்வேன் நாக்கை லேசாக மரத்துப்போக வைக்கும். கொங்கண் கரையில் மீன் குழம்புக்குப் போடும் திர்பலுக்கு நெருங்கிய உறவு. ஈரல், குடல் எல்லாம் சேரும். சில கடைகளில் கொஞ்சம் பித்தமும் சேர்ப்பார்கள், கசப்புக்காக. அந்தக் கசப்பு வேண்டும் என்று கேட்டு வாங்கும் ஆட்கள் உண்டு. நானும் அந்தப் பக்கம்தான். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். லாப் டிப் என்பது பச்சைக்கறி. பச்சைப் பன்றிக்கறியால் பரவும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் கிருமி மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோகும், காது கேட்காமல் போனவர்களும் உண்டு. தாய்லாந்துச் சுகாதாரத் துறையே இதைச் சொல்லி எச்சரிக்கிறது. லாப் குவா என்று கேளுங்கள், வதக்கித் தருவார்கள். மசாலாவின் மணம் வதக்கும்போதுதான் எழும்பும், அதனால் சுவையில் எந்த நஷ்டமும் இல்லை.

இப்போது என் வருத்தத்தைச் சொல்கிறேன். இந்தச் சின்னக் கடைகளைப் பற்றி இணையத்தில் வரும் மதிப்புரைகளைப் படித்தால் கோபம் வருகிறது. பாட் தாய் என்னும் வறுத்த அரிசி நூடுல்ஸ் இல்லை, ஒரு நட்சத்திரம். பச்சைக்குழம்பு கேட்டால் இல்லை என்கிறார்கள், இரண்டு நட்சத்திரம். நாற்றம் அடிக்கிறது, கசக்கிறது, சோறு களி மாதிரி இருக்கிறது. விடியற்காலையில் எழுந்து சமைக்கும் ஒரு குடும்பத்தைப் பாங்காக் சமையலின் அளவுகோலை வைத்து அளந்துவிட்டுப் போகிறார்கள். இது தற்செயலாக வந்த பழக்கமும் இல்லை. பாட் தாயை இரண்டாம் உலகப் போர்க் காலத்தை ஒட்டி அரசே தேசிய உணவாக முன்னிறுத்தியது. 2002இல் உலகெங்கும் தாய் உணவகங்களைப் பெருக்க அரசு ஒரு திட்டம் தொடங்கியது. அதனோடு பரவியது பெரும்பாலும் நடுச் சமவெளியின் சமையல். லாஸ் வேகாஸில் லோட்டஸ் ஆஃப் சயாம் போன்ற ஓரிரு கடைகள் வடக்குச் சமையலைப் பிடிவாதமாகத் தட்டில் வைத்தன. மற்ற இடங்களில் தாய் உணவு என்றால் அதே பச்சை, சிவப்பு, மஞ்சள் குழம்புதான்.

காவ் சோயை நான் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். தென்சீனத்து யுன்னானிலிருந்து கோவேறு கழுதைகளில் சரக்கேற்றி வந்த சீன முஸ்லிம் வணிகர்களோடு வந்த சாப்பாடு அது என்பார்கள். பிங் ஆற்றுக்குப் பக்கத்தில் பான் ஹாவ் பள்ளிவாசலைச் சுற்றி இன்றும் அந்தச் சமூகத்தின் கடைகள் இருக்கின்றன. மாட்டுக்கறி அல்லது கோழியோடு ஹலால் காவ் சோய் அங்கே கிடைக்கும். வெள்ளிக்கிழமை காலையில் அங்கே கூடும் சந்தையையும் விடாதீர்கள். ஆனால் உணவகங்களைத் தரம்பிரிக்கும் மிஷெலின் கையேடு 2020 பதிப்பில் சியாங் மாய்க்கு வந்த பிறகு, பட்டியலில் பெயர் ஏறிய கடைகளின் வாசலில் வரிசை நீள்கிறது. நாலு தெரு தள்ளி அதே சுவையில் சமைக்கும் கடை காற்று வாங்குகிறது. பட்டியல் தப்பு என்று சொல்லவில்லை. அதோடு நம் தேடல் நின்றுபோவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆட்டம் பாட்டத்தோடு வட்டப் பலகையில் பரிமாறும் கான்தோக் விருந்துக்கும் போயிருக்கிறேன். நடனம் நன்றாக இருந்தது. சாப்பாட்டில் காரமும் கசப்பும் காணாமல் போயிருந்தன. அந்தக் காசுக்குச் சந்துக் கடையில் நான்கு பேர் வயிறாரச் சாப்பிடலாம்.

சரி, போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பதினொரு மணிக்கே போய்விடுங்கள். இரண்டு மூன்று பேராகப் போனால் ஒரு நம் பிரிக், ஒரு கீரைக் குழம்பு, கொஞ்சம் சாய் உவா, ஆளுக்கொரு கூடை சோறு என்று வாங்கி நடுவில் வைத்துச் சாப்பிடுங்கள். ஆளுக்கொரு தட்டு என்று கேட்டால் இந்தச் சாப்பாட்டின் ருசியே பிடிபடாது. காரத்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள், பானையில் ஏற்கெனவே வெந்திருப்பதை யாரும் குறைக்க முடியாது. அதற்குப் பதில் சோற்றையும் வெள்ளரியையும் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். சைவக்காரர்களுக்கு இந்தக் கடைகள் கஷ்டம்தான், கீரைக் குழம்பிலும் மீன் விழுதோ எலும்புச் சாறோ இருக்கும். ஜே என்று மஞ்சள் கொடி போட்ட சைவக் கடைகள் ஊரில் நிறைய உண்டு, சிலவற்றில் வடக்குக் குழம்புகளும் செய்கிறார்கள். அங்கே போங்கள்.

சித்திரை விடுமுறையில் தாய்ப் புத்தாண்டான சொங்கிரான் பார்க்கப் போகிறவர்கள் ஏப்ரல் 16 வரை இருக்க முடிந்தால் இருங்கள். அன்று வடக்கில் வீட்டுக்கு வீடு கேங் கனுன், பலாக்காய்க் குழம்பு. அன்றைக்கு அதைச் சாப்பிட்டால் வருஷம் முழுக்கக் கைதூக்கிவிட ஆள் இருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. தேங்காய் இல்லாமல், பிஞ்சுப் பலாக்காயும் தக்காளியும் பன்றி எலும்பும் போட்டு நீர்க்க வைப்பார்கள். சின்னக் கடைகளில் பல பண்டிகைக்கு மூடியிருக்கும். திறந்திருக்கும் கடையில் அந்தப் பானைதான் முதலில் காலியாகும், அதனால் காலையிலேயே போய்விடுங்கள்.