அடுத்த ஐபிஎல் ஒளிபரப்பு உரிம ஏலத்தில் யார் யாரோடு மோதுவார்கள்?

2023 உலகக்கோப்பையை ஹாட்ஸ்டார் மொபைலில் இலவசமாகக் காட்டியது நினைவிருக்கிறதா? அதற்குச் சில மாதங்கள் முன்னால் ஜியோசினிமா ஐபிஎல்லைக் காசு வாங்காமல் காட்டி, எதிராளியின் சந்தாதாரர்களை இழுத்துக்கொண்டது. ஹாட்ஸ்டாரும் வேறு வழியின்றி உலகக்கோப்பையை இலவசமாகத் திறந்துவிட்டது. அகமதாபாத் இறுதிப் போட்டியை அதில் ஒரே நேரத்தில் பார்த்தவர்கள் 5.9 கோடி பேர். நிறுவனங்களுக்குள் போட்டி இருந்தால் பார்க்கிறவனுக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்த இருவரும் இப்போது ஒரே நிறுவனம். 2024 நவம்பரில் ஜியோசினிமாவின் ரிலையன்ஸும் ஹாட்ஸ்டாரின் டிஸ்னியும் இந்தியாவில் தங்கள் ஊடகத் தொழிலை இணைத்தன, மதிப்பு 70,352 கோடி ரூபாய். 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் வந்தது, அந்த வருட ஐபிஎல்லுக்குச் சில நிமிடங்கள் இலவசம், அப்புறம் சந்தா. விளம்பரத்தோடு மூன்று மாதத்துக்கு 149 ரூபாய்தானே என்பார்கள். தொகை சிறியதுதான். ஆனால் நாளைக்கு அதை ஏற்றினால் லைவ் கிரிக்கெட்டுக்கு நாம் எங்கே போவது? ஜியோவில் 299 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தால் 90 நாள் இலவசம் என்றும் அப்போது சலுகை கொடுத்தார்கள். சிம்மும் அவர்களுடையது, ஆப்பும் அவர்களுடையது என்றால், வேறு சிம் வைத்திருப்பவனும் வேறு ஆப் நடத்துகிறவனும் எதை வைத்துப் போட்டி போடுவார்கள்?

சந்தையில் போட்டி குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய இந்தியப் போட்டி ஆணையம் 2024 ஆகஸ்டில் இந்த இணைப்புக்குச் சும்மா ஒன்றும் அனுமதி கொடுத்துவிடவில்லை. சில சேனல்களை விட்டுவிட வேண்டும், கிரிக்கெட் விளம்பரங்களில் டிவியையும் ஓடிடியையும் சேர்த்துக் கட்டி விற்கக் கூடாது என்ற உறுதிமொழிகளை வாங்கித்தான் கொடுத்தது. ஆனால் அந்த விளம்பர நிபந்தனை கையிலிருக்கும் உரிமக் காலம் முடியும்வரைதான். ஐபிஎல் உரிமம் 2027-இல் முடிகிறது. 2022 ஜூன் ஏலத்தில் டிவி உரிமத்தை டிஸ்னியின் ஸ்டார் 23,575 கோடிக்கும், டிஜிட்டல் உரிமத்தை ரிலையன்ஸின் வயாகாம்18 20,500 கோடிக்கும் எடுத்தன. அடுத்த ஏலத்தில் அந்த இரண்டு கைகளும் ஒரே உடம்பில் இருக்கும்.

நெட்ஃபிளிக்ஸ், அமேசான், யூடியூப் எல்லாம் இருக்கிறதே என்று சொல்பவர்கள் பார்க்கிறவன் பக்கத்தை மட்டும் பார்க்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை விற்கிறவனைப் பற்றித்தான். இங்கே விஜய் டிவியும் கலர்ஸ் தமிழும் இப்போது ஒரே கூரையின் கீழ். முன்பெல்லாம் ஒரு சீரியல் கதையை ஒரு இடத்தில் வேண்டாம் என்றால் இன்னொரு இடத்துக்கு எடுத்துப் போகலாம், ஒரு சின்னப் படத்தின் உரிமத்துக்கு இரண்டு பேரிடம் விலை கேட்டு, ஒருவர் சொன்னதை வைத்து இன்னொருவரிடம் ஏற்றிக் கேட்கலாம். வாங்க ஆள் குறைந்தால் அவர்கள் சொன்னதுதான் விலை. விளம்பரக் கட்டணத்தைப் பற்றி அத்தனை யோசித்த ஆணையம் இந்தப் பக்கத்துக்கும் அதே அளவு கவலைப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்த ஏலத்துக்கு முன்பே ஆணையம் இதை மறுபடியும் எடுத்துப் பார்க்க வேண்டும். டிவி உரிமத்தையும் டிஜிட்டல் உரிமத்தையும் ஒரே குழுமம் எடுக்க முடியாதபடி கிரிக்கெட் வாரியமே ஏல விதியை மாற்றலாம், அதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம்.