மூழ்கும் கப்பல் இல்லை, நிமிர்ந்து நிற்கும் கப்பல்

"நடுக்கடலில் மூழ்கும் கப்பலின் கடைசி நிமிடம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. முன்பகுதி மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கிறது. படம் உண்மை, செய்திதான் பொய்.

அது ஃபிளிப். அமெரிக்கக் கடற்படைக்காக 1962-இல் கட்டப்பட்டு, ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனம் இயக்கிய ஆய்வு மிதவை. கப்பல் என்று சொல்வதுகூடப் பேச்சுக்குத்தான். தானாக ஓட அதற்கு இன்ஜின் கிடையாது, இழுவைக் கப்பல்தான் இழுத்துப்போக வேண்டும். நீளம் சுமார் 108 மீட்டர். பின்பக்கத் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பினால், அரை மணி நேரத்துக்குள் செங்குத்தாக நிமிர்ந்துவிடும். 17 மீட்டர் மேலே, மீதி 91 மீட்டர் நீருக்குள்ளே. வேலை முடிந்ததும் அழுத்தக் காற்றால் தண்ணீரை வெளியேற்றினால் மறுபடி படுத்துக்கொள்ளும்.

எதற்கு இந்த வித்தை? அலையின் ஆட்டம் ஆழம் போகப் போகக் குறைந்துவிடும். அதனால் அவ்வளவு ஆழத்தில் ஊன்றி நிற்கும் உடல் மேலே அலையடித்தாலும் அதிகம் அசையாது. இன்ஜின் இரைச்சலும் இல்லை. நீருக்கடியில் ஒலி எப்படிப் பரவுகிறது என்று அளப்பவர்களுக்கு வேறென்ன வேண்டும்!

உள்ளே இன்னும் வேடிக்கை. நிமிரும்போது சுவர் தரையாகிவிடும். அதனால் சில இடங்களில் கை கழுவும் தொட்டி இரண்டிரண்டு. ஒன்று படுத்திருக்கும்போது, இன்னொன்று நிற்கும்போது. சில சாமான்கள் கூடவே திரும்பிக்கொள்ளும்.

2023-இல் அதற்கு ஓய்வு கொடுத்தார்கள். மூழ்கவில்லை.