வாங்கின பேட்டரிக்கு எதற்குப் பூட்டு?

2016ல் டெஸ்லா விற்ற மாடல் எஸ் 60 காருக்குள் இருந்தது 75 கிலோவாட் மணி பேட்டரி. மென்பொருளால் 60க்குப் பூட்டிவிட்டு, மீதியைத் திறக்கத் தனியாக ஆயிரக்கணக்கான டாலர் கேட்டார்கள். அந்த எடையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடுவது வாங்கினவருடைய கார்தானே, அப்புறம் என்ன பூட்டு? வீட்டை விற்றுவிட்டு ஓர் அறையின் சாவியை மட்டும் யாராவது வைத்துக்கொள்வார்களா? 2017 செப்டம்பரில் இர்மா புயலுக்குப் பயந்து ஃப்ளோரிடா மக்கள் ஊரைக் காலி செய்தபோது, டெஸ்லா எங்கிருந்தோ அந்தப் பேட்டரிப் பூட்டைத் திறந்துவிட்டது, சரி, நல்லதுதான், ஆனால் அதுவும் தற்காலிகமாகத்தான் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. 2022ல் மெர்சிடிஸும் அமெரிக்காவில் தன் மின்சாரக் கார்கள் இன்னும் சீக்கிரம் வேகமெடுக்க வருஷத்துக்கு 1,200 டாலர் என்றது. மோட்டார் அதேதான், ஒரு திருகாணிகூட மாறவில்லை.