"நல்ல பூவைத்தான் ஆண்டவர் பறிப்பார்" என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள்

போன வாரம் எங்கள் கோவில் பங்கில் ஒரு அடக்கம். இருபது வயதுகூட நிரம்பாத பையன், பைக் விபத்து. பந்தலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே யாரோ அவன் அம்மாவிடம் சொல்வது கேட்டது: "அழாத மக்ளே, நல்ல பூவைத்தான் ஆண்டவர் பறிப்பார்."

சொன்னவர் நல்லவர். எங்கள் அன்பியத்தில், அதாவது பங்கில் பக்கத்து வீடுகள் சேர்ந்து கூடும் சிறு குழுவில், எந்த வீட்டில் என்ன என்றாலும் முதல் ஆளாக ஓடி வருகிறவர். ஆனாலும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2016-ல் என் தம்பி போனபோது இதே வார்த்தையை என் அம்மாவிடம் எத்தனை பேர் சொன்னார்கள் என்று கணக்கே இல்லை. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, அம்மா ஒருவரிடம் திருப்பிக் கேட்டார்: "எனக்க தோட்டத்துலதானா பறிக்கணும்? ஊர்ல வேற பூவே இல்லியா?" வந்தவர் பாதிக் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

துன்பம் வந்தால் விசுவாசம் வளரும் என்று நாம் பேசுகிறோம். நானும் அதை நம்புகிறேன், என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் உரம் போட்டால் வாழை வளர்வதுபோல அது தானாக நடக்கும் என்று நினைக்கிறோம் பாருங்கள், அங்கேதான் தப்பு செய்கிறோம். என் மாமாவுக்கும் அதே துன்பம்தான். தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர். அன்றைக்குப் பிறகு அவர் கோவில் வாசலை மிதிக்கவில்லை. அவருடைய விசுவாசம் மட்டம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அம்மா கோவிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆனால் செபமாலையை விட்டுவிட்டார். திருஇருதயப் படத்துக்குப் பக்கத்து ஆணியில் எட்டு மாதம் அது சும்மா தொங்கியது. சாயங்காலம் நாங்கள் செபம் சொல்ல உட்காரும்போது அம்மா பின்வாசல் படியில் போய் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு உரிப்பார். வேலை இல்லாத நாளிலும் ஏதாவது ஒரு வேலையை எடுத்துக்கொண்டு அந்தப் படிக்கே போய்விடுவார்.

தெக்கு வீட்டுப் பாட்டி அந்த நாட்களில்தான் வர ஆரம்பித்தார். சாயங்காலம் ஆனால் வருவார், ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்காருவார். பேச்சே இருக்காது. சில நாள் அம்மா அழுவார், பாட்டி கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பார். அப்புறம் மறுபடியும் உரிப்பார்கள். வசனம் சொன்னதில்லை, ஆறுதல் சொன்னதில்லை, "செபத்துக்கு வா" என்று ஒரு நாள்கூடக் கூப்பிட்டதில்லை.

இழவு வீட்டு போஸ்டரில் நாம் அச்சடிக்கும் வசனம் உங்களுக்குத் தெரியும்: "ஆண்டவர் அளித்தார்; ஆண்டவர் எடுத்துக்கொண்டார்; ஆண்டவரது பெயர் போற்றப்பெறுக!" பிள்ளைகளையும் சொத்தையும் பறிகொடுத்த யோபு சொன்னது, பைபிளில் யோபு புத்தகத்தின் முதல் அதிகாரம். அந்தப் புத்தகத்தில் மொத்தம் 42 அதிகாரம் இருக்கிறது. மூன்றாம் அதிகாரத்தில் அதே யோபு வாய் திறந்து தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அதை எந்த போஸ்டரிலும் நாம் போடுவதில்லை. அவரைப் பார்க்க வந்த நண்பர்கள் முதலில் ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான் என்று எனக்குத் தோன்றும். அப்புறம் பேச ஆரம்பித்தார்கள்: நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய், கடவுள் காரணம் இல்லாமல் செய்ய மாட்டார் என்று. கடைசி அதிகாரத்தில் கடவுளுக்குக் கோபம் வருவது, தன்னைக் கேள்வி கேட்ட யோபுமேல் இல்லை. தனக்காக வக்காலத்து வாங்கிய இந்த நண்பர்கள்மேல்தான். யோபு பேசியதுபோல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார்.

இதை எழுதும்போது எங்கள் குமரி மாவட்டத்துப் புனிதர் தேவசகாயத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2022 மே 15-ல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தபோது இங்கே எவ்வளவு கொண்டாட்டம்! ஆனால் அவர் விசுவாசத்துக்கு வந்த கதையை நாம் அதிகம் பேசுவதில்லை. நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மாவின் அரண்மனையில் நல்ல உத்தியோகம். ஒரு கட்டத்தில் பயிர் போனது, மாடுகள் செத்தன, குடும்பமே நொடிந்தது. அந்த நேரத்தில் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னவர் டிலனாய். அவர் யார்? 1741-ல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படைத் தளபதி. பிடித்த ராஜாவுக்கே வேலை பார்த்து, ஊர் திரும்பாமல், கடைசியில் உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானவர். எல்லாம் போன ஒரு மனிதர், எல்லாம் போய்க்கொண்டிருந்த இன்னொரு மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து யோபுவின் கதையைச் சொல்லியிருக்கிறார். எங்கள் மாவட்டத்தின் பெரிய சாட்சி அங்கே தொடங்குகிறது.

1745-ல் நீலகண்டன் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். அதோடு அவர் கஷ்டம் தீர்ந்ததா? "இயேசுவிடம் வா, பிரச்சினை தீரும்" என்று மைக் பிடித்துச் சொல்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1749-ல் கைது. எருக்கம்பூ மாலை போட்டு, எருமைமேல் உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடித்த புண்ணில் மிளகாய் தேய்த்தார்கள். பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிப் போட்டிருந்தபோது, அவரைப் பார்க்கவும் அவரிடம் செபம் கேட்கவும் சனங்கள் வந்தார்கள் என்று சொல்வார்கள். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள்.

அவருடைய மனைவியைப் பற்றித்தான் எனக்கு எப்போதும் யோசனை. பார்கவி, ஞானஸ்நானத்தில் ஞானப்பூ. கணவர் போன பிறகு சொந்த ஊருக்குத் திரும்பாமல் வடக்கன்குளத்திலேயே இருந்து, அங்கேயே அடக்கமானார். விசுவாசத்துக்காக உயிரைக் கொடுக்கும் வேதசாட்சிக்கு ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. மிச்சம் இருப்பவர் மறுநாள் காலையிலும் எழுந்து அடுப்பு மூட்ட வேண்டும். அந்த அம்மாளிடம் யாராவது வந்து நல்ல பூ, கெட்ட பூ என்று பேசியிருப்பார்களோ?

ஆண்டவரே சிலுவையில் தொங்கியபடி "என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று சத்தமாகக் கேட்டார். அவருக்கு இருந்த அந்த உரிமை, பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு இல்லையா? அந்தத் தாய் கேட்கும் முன்னாலேயே நாம் பதிலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். ஆண்டவரைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவரிடம் பேச வேண்டியவர் வாயை அடைக்கிறோம்.

எங்கள் அம்மா கேட்டார். ஒன்பதாம் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. கரண்டு இல்லை, மெழுகுதிரி வைத்துச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். பின்வாசலில் இருந்து அம்மா எழுந்து வந்து, ஆணியில் இருந்ததை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். செபமாலையின் பத்து மணிகளைச் சொல்ல ஆரம்பித்தார். "இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும்" என்ற இடத்தில் குரல் நின்றது. மாதா படத்தைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் சண்டை போடுவதுபோல, "நீயும் பெத்து வாரிக் குடுத்தவதானே, உனக்குத் தெரியாதா, ஏன் பாத்துட்டு நின்ன?" என்று கேட்டார். அழுதார். நாங்கள் யாரும் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தார். தெக்கு வீட்டுப் பாட்டியும் வந்து வாசல்படியில் உட்கார்ந்து பதில் செபம் சொன்னார்.

அம்மாவின் செபம் அன்றைக்குப் பிறகு மாறிவிட்டது. முன்னெல்லாம் எனக்கு வேலை, தம்பிக்கு வேலை, வீட்டுக் கடன் என்று நீளமான வேண்டுதல் இருக்கும். இப்போது கேட்பது குறைவு. பேசுவது அதிகம், சில நாள் கோபத்தோடு. இந்தச் செபத்தைத்தான் வளர்ந்த விசுவாசம் என்று நான் சொல்வேன். தம்பி போனது இதற்காகத்தான் என்று மட்டும் சொல்ல மாட்டேன். அப்படி ஒரு கணக்கை ஆண்டவர்மேல் எழுத எனக்கு மனசு வராது.

அந்தப் பையன் வீட்டுக்கு அம்மாவும் வந்திருந்தார். உள்ளே போனவர் வெளியே வரவே இல்லை, இரவு பத்து மணிக்கு நான் போய்க் கூட்டிவந்தேன். வழியில் கேட்டேன், "அவங்கட்ட என்னம்மா சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. முடி அவுந்து கெடந்துது, கட்டி விட்டேன்."

இன்றைக்கு ஏழாம் நாள் பூசை. முடிந்ததும் நேராக அந்த வீட்டுக்குத்தான் போகிறாராம், வர இருட்டிவிடும், நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள் என்று இப்போதே சொல்லிவிட்டார்.