முதல் 30 அலகுக்கு என்ன விலை?

கடந்த வாரம் உயர்தர வகுப்பில் அணுக்கருப் பிளவைப் படிப்பித்து முடித்த கையோடு ஒரு மாணவி எழுந்து, "சேர், இலங்கையில அணுமின் நிலையம் கட்டினா கரண்ட் பில் குறையுமா?" என்று கேட்டாள். பௌதிகவியல் பாடத்திட்டத்துக்குள் அடங்காத கேள்வி அது. மணி அடித்துவிட்டதால் அன்று தப்பித்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கேள்வி வீடுவரை கூடவே வந்ததால், அவளுக்குச் சொல்ல வேண்டியதை முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அணுமின்னை எதிர்ப்பவர்களில் பெரும்பாலானோர் கதிரியக்கத்துக்கு அஞ்சியே எதிர்க்கிறார்கள். அந்த அச்சத்தை ஏளனம் செய்ய எனக்கு மனம் வராது. பாண்டிருப்பில் பிறந்து வளர்ந்த ஒருவனுக்குக் கடலோரத்தில் அணுஉலை என்றதும் 2004 டிசம்பர் 26 நினைவுக்கு வராமல் இராது. அன்று இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது எங்கள் அம்பாறை மாவட்டம். ஆனால் அதே காலையில், அதே கடல், தமிழ்நாட்டின் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் மீதும் ஏறியது என்பதை எங்கள் ஆட்களில் பலர் அறியமாட்டார்கள். கடல் நீரை உள்ளெடுக்கும் சுரங்கவழியாகப் பம்பி நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்ததும், இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் உலையை ஊழியர்கள் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். அருகிலிருந்த ஊழியர் குடியிருப்பில் அலை உயிர்களைக் கொண்டுபோனது. உலையிலிருந்து கதிரியக்கம் வெளியேறவில்லை.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் புகுஷிமாவில் நடந்தது வேறு. பூமி அதிர்ந்தவுடன் அங்கும் உலைகள் தாமாகவே நின்றுவிட்டன. நின்ற உலை உடனே குளிர்ந்துவிடுவதில்லை. பிளவு நின்ற கணத்திலும் முழு வெப்பத்தின் ஆறு, ஏழு வீதம் எரிபொருளுக்குள் தொடர்ந்து பிறந்துகொண்டிருக்கும், அது தணிய நாட்கள் செல்லும், அதுவரை நீரைச் சுற்றவிடும் பம்பிகளுக்கு எங்கிருந்தாவது மின்சாரம் வந்தாக வேண்டும். நில நடுக்கத்தால் வெளி மின்சாரம் அறுந்தது. கட்டடங்களின் தாழ்ந்த தளங்களில் வைத்திருந்த டீசல் மின்பிறப்பாக்கிகள் சுனாமியில் மூழ்கின. அதே கரையில், அதிர்வின் மையத்துக்கு இன்னும் கிட்டவிருந்த ஒனகாவா நிலையம் ஏறக்குறைய 14 மீற்றர் உயரத்தில் கட்டப்பட்டிருந்ததால் தப்பியது. வீடிழந்த அயலூர் மக்கள் சில மாதங்கள் அந்த நிலைய வளவுக்குள்ளேயே தஞ்சமிருந்தார்கள். அணுமின் நிலையத்துக்குள் மக்கள் தஞ்சம் புகுந்த கதையை எங்கள் முகநூலில் யாரும் பகிர்வதில்லை, செர்னோபிலின் படங்களைத்தான் பகிர்கிறோம்.

ஆகவே அச்சத்தின் பேரில் நான் அணுமின்னை மறுக்கமாட்டேன். காலநிலை மாற்றம் தொடர்பான அரசுகளுக்கிடையிலான குழு 2014 இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, நிலையத்தைக் கட்டுவது முதல் கழிவை அகற்றுவது வரை எல்லாவற்றையும் சேர்த்தாலும், ஒரு அலகு அணுமின்னுக்கு வெளியேறும் கரியமில வாயு நடுத்தரமாக 12 கிராம். நிலக்கரிக்கு 820 கிராம். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தைச் சூழ வாழும் மக்கள் சாம்பலைப் பற்றி முறையிட்டுக்கொண்டிருக்கும் நாட்டில், அணுவுக்கு மட்டும் பயந்து நிலக்கரியோடு சமாதானமாக இருப்பது எனக்கு விளங்காத தர்க்கம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இன்றைய இலங்கைக்கு ஒரு பெரிய அணுமின் நிலையம் வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன்?

முதற் காரணம் எங்கள் மின்வலையமைப்பின் அளவு. இரவு உச்ச நேரத்திலும் நாட்டின் மொத்தத் தேவை 3,000 மெகாவோட்டை ஒட்டித்தான் நிற்கிறது. விடியற்காலையில் அதில் பாதியளவுக்கு இறங்கிவிடும். கூடங்குளத்தில் இருப்பது போன்ற ஓர் உலை மட்டும் 1,000 மெகாவோட். வாவியில் பத்துப் பேர் ஏறிய தோணியிலிருந்து மூன்று பேரின் பாரமுள்ள ஒருவர் திடீரென்று குதித்தால் தோணிக்கு என்ன ஆகுமோ, அந்த உலை ஒரு நொடியில் நின்றால் எங்கள் வலையமைப்புக்கும் அதுதான் ஆகும். தோணி கவிழாதிருக்க வேண்டுமென்றால் இன்னொரு 1,000 மெகாவோட்டைச் சும்மா ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தச் செலவும் எங்கள் மின் பட்டியலில்தான் வந்து விழும். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதாகச் சொல்லப்பட்ட கோளாறில் நாடு முழுவதும் இருண்டது. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோனதால் அடுத்தடுத்த நாட்களிலும் மின்வெட்டு நீடித்தது. ஊரெல்லாம் குரங்குப் பகிடிதான். எனக்கோ புகுஷிமாவின் பம்பிகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. நின்ற உலையைக் குளிர்விக்க வெளியிலிருந்து நம்பகமான மின்சாரம் வேண்டும், அதைத் தர வேண்டியதோ இந்த வலையமைப்பு.

இரண்டாவது காரணத்தில்தான் அந்த மாணவியின் கேள்விக்கு உண்மையான விடை கிடக்கிறது. அணுமின்னில் எரிபொருள் மலிவு, கட்டுமானம்தான் விலை. ஆகவே அதன் அலகு விலையைத் தீர்மானிப்பதில் யுரேனியத்தை விட வட்டிக்கே பங்கு அதிகம். பங்களாதேஷின் ரூப்பூர் அணுமின் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். 1,200 மெகாவோட் உலைகள் இரண்டு, ஒப்பந்தப் பெறுமதி 12.65 பில்லியன் டொலர், அதில் 90 வீதம் ரஷ்யக் கடன். 90 வீதத் திறனில் இயங்கினால் அவை ஆண்டுக்கு ஏறக்குறைய 1,890 கோடி அலகுகளைத் தரும். முழுத் தொகையையும் 30 ஆண்டுகளில் அடைப்பதாக வைத்து நானே கணக்கிட்டுப் பார்த்தேன். வட்டி 3 வீதமென்றால் ஓர் அலகின் தலையில் ஏறும் கட்டுமானச் செலவு 3.4 அமெரிக்கச் சதம். வட்டி 10 வீதமென்றால் அதே உலைக்கு, அதே எரிபொருளுக்கு, 7.1 சதம். கட்டி முடியும் வரை ஏறும் வட்டியை நான் இதில் சேர்க்கவேயில்லை. பின்லாந்தின் ஒல்கிலுவோட்டோ மூன்றாம் உலையின் கட்டுமானம் 2005 இல் தொடங்கி, வழமையான உற்பத்திக்கு 2023 இல்தான் வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த இலக்கங்களைப் படிக்கவும்.

எந்த வட்டியில் எங்களுக்குக் கடன் கிடைக்கும்? 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அறிவித்த நாடு இது. அதற்குப் பிறகு சர்வதேச நாணய நிதியத்திடமிருந்து நான்கு ஆண்டுகளுக்கென்று பெற ஒப்பந்தமான தொகை ஏறக்குறைய 3 பில்லியன் டொலர். ரூப்பூரின் விலை அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். ஐக்கிய அரபு இராச்சியம் பராக்காவில் நான்கு உலைகளைக் கட்டி நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய காற்பங்கைப் பெறுகிறது என்று உதாரணம் காட்டுபவர்கள், அந்த நாட்டின் பணப்பெட்டியையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

எல்லோருக்கும் கட்டுப்படியாகும் மின்சாரம் என்று மேடையில் பேசும்போது, அந்த 'எல்லோரும்' யார் என்பதில் எனக்கு ஐயமில்லை. எங்கள் ஒழுங்கையில் தனியே இருக்கும் ஒரு பெத்தாவுக்கு இரண்டு மின்குமிழும் ஒரு மின்விசிறியும்தான். மாதம் 30 அலகுக்குள் நிற்கும் அவருக்கு, 2022 ஓகஸ்டுக்கு முன்னர் நிலையான கட்டணத்தோடு சேர்த்து 105 ரூபாவுக்கு மேல் வராது. 2023 பெப்ரவரியில் அதே 30 அலகுக்கு 1,300 ரூபா வந்தது. கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மகன், இது வேற ஆருடைய பில்லோ?" என்று என்னிடம் கேட்டார். பிறகு அந்தக் கட்டணத்தைக் குறைத்தார்கள் என்பது உண்மை. ஆனாலும் அந்தச் சில மாதங்கள் அவர் வெக்கையிலும் விசிறியைப் போடவில்லை.

2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுத் தம்பி கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியொன்று வைத்திருந்தார். 37.5 பாகையில் 21 நாள் நிற்க வேண்டிய முட்டைகள், பதினெட்டாவது நாள். சுடுதண்ணீர்ப் போத்தல்களைப் பெட்டிக்குள் அடுக்கி, மேலே போர்வையைச் சுற்றி, இரவு முழுவதும் வெப்பமானியை டோர்ச் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தோம். 300 முட்டையில் குஞ்சாக வந்தவை 40 சொச்சம். மலிவான மின்சாரம் மட்டும் போதாது, வரவேண்டிய நேரத்துக்கு வரவும் வேண்டும் என்பதை எனக்குப் படிப்பித்தது அந்தப் பெட்டிதான். இருபத்து நான்கு மணிநேரமும் இயங்கும் அணுஉலையை நான் முற்றாக ஒதுக்கிவிடாததற்கும் அதுவே காரணம்.

தொழிற்சாலையில் பகுதிகளாகச் செய்து கொண்டுவந்து பொருத்தும் சிறிய மட்டு உலைகளைப் பற்றிச் சொல்வார்கள். தோணி உவமைக்கு அவை பொருத்தமானவைதான், ஆனால் அமெரிக்காவில் முன்மாதிரியாகப் பேசப்பட்ட நியூஸ்கேல் நிறுவனத்தின் திட்டம், யூட்டாவின் மின் விநியோக அமைப்புகளுக்காகத் தீட்டப்பட்டது, விலையேற்றத்தால் 2023 நவம்பரில் கைவிடப்பட்டது. மற்றவர்கள் கட்டி, ஓட்டி, விலையைக் காட்டட்டும். புல்மோட்டை மணலில் தோரியம் இருக்கிறது, நாங்கள் பணக்காரர்கள் என்ற பதிவுகளும் அடிக்கடி கண்ணில் படுகின்றன. தோரியம் தானாகப் பிளவுபடாது, அதை முதலில் யுரேனியம் 233 ஆக மாற்ற வேண்டும், பல தசாப்தங்களாக முயலும் இந்தியாவே அந்தக் கட்டத்துக்கு இன்னும் முழுதாக வரவில்லை என்பதோடு அந்தப் பேச்சை நிறுத்திவிடலாம்.

இப்போதைக்குச் செய்யக்கூடியது பக்கத்திலேயே இருக்கிறது. நிலக்கரி நிலையம் வரவிருந்த சம்பூரில் 120 மெகாவோட் சூரியமின் திட்டம் 2025 ஏப்ரலில் ஆரம்பிக்கப்பட்டது. அதே மாதம் புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைந்தபோது, கூரைச் சூரியமின் தொகுதிகளைப் பிற்பகல் மூன்று மணிவரை நிறுத்திவைக்கும்படி மின்சார சபை வேண்டிக்கொண்டது. பகலில் மின்சாரத்தை வேண்டாம் என்கிறோம், பொழுதுபட்டதும் டீசலை எரிக்கிறோம். இடையில் இல்லாதது சேமிப்புத்தான்: பற்றரிகள், நீரை மேலே ஏற்றி வைக்கும் நீர்மின் திட்டங்கள், உறுதியான கடத்தல் கம்பிகள். இந்தியாவுடன் மின்னிணைப்புக்கான புரிந்துணர்வு ஒப்பந்தமும் அந்த ஏப்ரலிலேயே கைச்சாத்தானது. அது நிறைவேறினால் கூடங்குளத்தில் பிறந்த மின்சாரமும் அந்தக் கம்பியில் கலந்து வரக்கூடும். உலையின் கடன் எங்கள் தலையில் ஏறாமலேயே.

வலையமைப்பு வளர்ந்து, கடன் தகுதி மீண்ட பிறகு இந்தக் கேள்வியை மறுபடியும் எடுக்கலாம். அணுசக்திக்குக் கடன் கொடுப்பதில்லை என்ற நெடுங்காலக் கொள்கையை உலக வங்கி 2025 ஜூனில் தளர்த்தியிருப்பதால், நான் மேலே போட்ட கணக்கில் வட்டி வீதமும் ஒருநாள் மாறலாம்.

திங்கட்கிழமை ரூப்பூரின் இலக்கங்களைக் கரும்பலகையில் எழுதப்போகிறேன். வட்டி வீதத்தை வெற்றிடமாக விட்டு, மூன்று வெவ்வேறு பெறுமானங்களுக்கு அலகு விலையைக் கண்டுவரும்படி அந்த மாணவிக்குச் சொல்வேன். இறுதி வரியில், அந்த விலைக்கு எங்கள் ஒழுங்கைப் பெத்தாவின் 30 அலகு எவ்வளவு வரும் என்பதையும் எழுத வேண்டும்.